கோஆக்சியல்னா கேபிள் மட்டும்தான்னு நெனச்சிட்டு இருந்தவங்க யாராச்சும் இருக்கீங்களா?

ரொம்ப வருஷமா எனக்கு கோஆக்சியல்னா டிவி பின்னாடி சொருகுற கருப்பு ஒயரு, அவ்ளோதான். போன மழையில செட்டாப் பாக்ஸ் சிக்னல் போயிருச்சு, கேபிள்காரரு வந்து பாக்ஸைத் தொடக்கூட இல்ல, நேரா கனெக்டரைக் கழட்டி வெட்டுன மொனைய என் மூஞ்சிக்கு நேரா நீட்டுனாரு. நடுவுல கம்பி, சுத்தி வெள்ளை நுரை, அதுமேல ஃபாயில், அதுக்கும் மேல வலைப்பின்னல், கடைசியா தோலு. அந்த வலையில இருந்து முடி மாதிரி ஒரே ஒரு இழை நடுக்கம்பிய தொட்டுட்டு நின்னுச்சு. நகத்தால கிள்ளிப் போட்டாரு, படம் வந்துருச்சு! அப்பதான் உறைச்சுது, கம்பிக்கும் வலைக்கும் அச்சு ஒண்ணுதான், பேரே அதத்தான் சொல்லுது. தமிழ்ல கூட ஓரச்சு வடம்னு அழகா வச்சிருக்காங்க. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற தூரம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருந்தாத்தான் கேபிளோட 75 ஓம் மின்மறுப்பு (சிக்னலுக்கு அது காட்டுற தடை) மாறாம நிக்குமாம், ஒயரை மடக்கி ஆணி அடிக்காதீங்கன்னு அவரு கத்துறது அதுக்குத்தான். ஆலிவர் ஹெவிசைடுங்கிற விஞ்ஞானி 1880லயே இந்த மாதிரி கேபிளுக்கு இங்கிலாந்துல பேடன்ட் வாங்கிட்டாரு, டிவியே இல்லாத காலம். உங்களுக்கு இந்த வார்த்தை எங்க மாட்டுச்சு?

—

நான் கோயம்புத்தூர்ல லேத் பட்டறைங்க. எங்களுக்கு இது வார்த்தையே இல்ல, டிராயிங்ல வட்டத்துக்குள்ள வட்டம் போட்டிருக்கும், அதப் பார்த்தாலே வயித்தக் கலக்கும். சேர்ந்த புதுசுல ஒரு ஹவுசிங் (பேரிங்கைத் தாங்குற கூடு), ரெண்டு பக்கமும் பேரிங் உக்கார்ற ஓட்டை, ஒரு பக்கம் முடிச்சிட்டு சக்குல, அதாவது பீஸைக் கவ்விப் பிடிக்கிற பாகத்துல, திருப்பி மாட்டி மறுபக்கம் அடிச்சிட்டேன். ஆட்டத்தை அளக்குற டயல் வச்சு சுத்துனா முள்ளு 80 மைக்ரான் ஆடுது, அதாவது அச்சு 40 தள்ளிப் போச்சு. கண்ணுக்கு ஒண்ணுமே தெரியாது, ஆனா ஷாஃப்ட்டு போட்டா இறுக்கிப் பிடிக்கும். மேஸ்திரி திட்டல, "ஒரே செட்டிங்ல முடிச்சிருந்தா ஆடுமா"ன்னு மட்டும் கேட்டாரு. பீஸ் ஸ்கிராப்புக்குப் போச்சு.

—

கார் ஸ்பீக்கர்ல பார்த்திருக்கேன் ப்ரோ, பெரிய கோனுக்கு நட்டநடுவுல கீச்சு சத்தத்துக்கான குட்டி ட்வீட்டர் உக்காந்திருக்கும். கடைக்காரர் ஏதோ பெரிய டெக்னாலஜின்னு பில்டப் குடுத்தாரு, டோர்ல இடம் மிச்சம் அதான் மேட்டர்.

—

ஹெலிகாப்டரை விட்டுட்டீங்களே! நம்ம நேவியோட காமோவ் 31ல வாலு காத்தாடியே கிடையாது, ஒரே அச்சுல மேல ஒண்ணு கீழ ஒண்ணு, எதிரெதிரா சுத்தும், இது ஒடம்பத் திருப்புனா அது இழுத்துப் பிடிச்சிரும். 2021 ஏப்ரல் 19 செவ்வாய் கிரகத்துல பறந்த நாசாவோட குட்டி ஹெலிகாப்டர் இன்ஜெனுயிட்டியும் இதே ஜாதிதான்.

—

அவ்ளோ தூரம் ஏன் போறீங்க, சுவர்க் கடிகாரத்தப் பாருங்க. மணி முள்ளு வெளிக்குழாய்ல, நிமிஷ முள்ளு உள்குழாய்ல, நொடி முள்ளு நடு ஊசில.

—

கழட்டிப் பார்த்தேன் அண்ணே, நீங்க சொன்ன மாதிரியே மூணும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு இருக்கு. திரும்ப மாட்டுனேன், இப்ப சரியா ஆறு மணிக்கு நிமிஷ முள்ளு 4ல நிக்குது, வீட்ல இன்னும் கவனிக்கல.