டெக்சஸ்ல இ.எம்.ஆர். (அவசர மருத்துவ முதலுதவியாளர்) சான்று புதுப்பிக்கிறது 2 வருஷமா, 4 வருஷமா?

கேட்டி_குமரன்: வணக்கம். ஹூஸ்டன் பக்கம் எங்க ஊர் தன்னார்வ தீயணைப்புப் படையில இருக்கேன். போன வருஷம் நேஷனல் ரெஜிஸ்ட்ரி (அவசர மருத்துவப் பணியாளர்களுக்கான தேசியப் பதிவு அமைப்பு) நடத்துற இ.எம்.ஆர். தேர்வு பாஸ் பண்ணி, மாநிலச் சான்றும் வாங்கிட்டேன். அதுல 4 வருஷம்னு இருக்கு. ஸ்டேஷன்ல ஒருத்தர் 2 வருஷத்துல புதுப்பிக்கணும்கிறார். எது சரி?

செண்பகம்: தம்பி, ரெண்டும் சரிதான். டெக்சஸ் சான்று 4 வருஷம். இங்க இ.எம்.ஆர். நிலைக்கு இ.சி.ஏ.ன்னு (எமர்ஜென்சி கேர் அட்டெண்டன்ட்) பேரு. நேஷனல் ரெஜிஸ்ட்ரி 2 வருஷம், இ.எம்.ஆருக்கு செப்டம்பர் 30 கடைசி நாள். அதுக்கு அடுத்த நிலையான இ.எம்.டி.க்கு மார்ச் 31, அதைக் கேட்டுக் குழம்பிடாதீங்க. அந்த 2 வருஷத்துல 16 மணி நேரம் வகுப்பு காட்டணும்: தேசியப் பாடம் 8, உள்ளூர் 4, நம்ம விருப்பத்துக்கு 4. இல்லேன்னா தேர்வையே திரும்ப எழுதலாம், ஆனா ஒரே வாய்ப்புதான்.

நான் மாநிலச் சான்றை மட்டும் பார்த்துட்டு இருந்துட்டேன். அக்டோபர்ல கணக்கைத் திறந்தா காலாவதி! டெக்சஸ்ல வேலைக்குத் தடையில்ல. ஆனா வீட்டுக்காரருக்கு வேற மாநிலத்துக்கு மாற்றல் வந்த நேரம் அது. தேசியப் பதிவு இல்லாம அங்க போய் என்ன செய்ய? மறுபடி உட்கார்ந்து படிச்சு எழுதினேன்.

இன்னொண்ணு. மணி நேரம் சேரட்டும்னு வீடியோவை ஓட விட்டுட்டு சமைக்காதீங்க. போன தடவை ஸ்டேஷன் தரையில முட்டி போட்டு சி.பி.ஆர். பயிற்சிப் பொம்மையோட நெஞ்சை அழுத்தினேன். ரெண்டு அங்குலம் இறங்கினா 'டிக்'னு சத்தம் வரும். ஒன்றரை நிமிஷத்துல சத்தம் நின்னுடுச்சு, எனக்குத் தெரியவே இல்ல. நல்லா அழுத்துறதாத்தான் நினைச்சேன். 2 நிமிஷத்துக்கு ஒரு தடவை ஆள் மாத்தணும்னு ஏன் சொல்றாங்கன்னு அன்னிக்குத்தான் கைக்குப் புரிஞ்சுது.

ராஜா_டாலஸ்: அக்கா சொன்னதோட ஒண்ணு: படையில இருக்கறதால உங்க கைத்திறமைக்கு ட்ரெயினிங் ஆபீசர் உறுதி தரணும். எந்தப் படையிலயும் இல்லாதவங்க 'இன்ஆக்டிவ்'னு (இப்ப பணியில இல்லாதவர்) புதுப்பிச்சுக்கலாம். வகுப்புச் சான்றிதழை எல்லாம் பத்திரமா வைங்க, தணிக்கைன்னு கேட்பாங்க.

கேட்டி_குமரன்: ரொம்ப நன்றி அக்கா. இப்பதான் கணக்கைத் திறந்து பார்த்தேன், செப்டம்பர் 30னுதான் இருக்கு. கையில 5 மணி நேரம்தான் சேர்ந்திருக்கு. இந்த வியாழன் பயிற்சிக்கு பேர் குடுத்துட்டேன்.