சிவப்பு ஐசிக்கு முதியோர் உதவித்தொகை கொடுக்கலாமா?

செந்தூல்வாசி:
மலேசியாவில் 60 வயதைத் தாண்டிய ஏழைகளுக்குச் சமூக நல இலாகா கொடுக்கும் மாத உதவித்தொகை 2025ல் 500லிருந்து 600 வெள்ளி (ரிங்கிட்) ஆனது. சந்தோஷம்தான். ஆனால் குடிமக்களுக்கான நீல ஐசி (அடையாள அட்டை) இருந்தால்தான் அந்தப் பணம். தோட்டத்தில் ஆயுசு முழுக்க ரப்பர் மரத்தில் பால் வெட்டிய கிழவருக்கு நிரந்தரவாசியின் சிவப்பு ஐசி என்றால் ஒரு காசு கிடையாது. எந்த ஊர் நியாயம் இது?

பழைய கிராணி:
எல்லா ஊர் நியாயமும்தான். அது வரிப்பணம் தம்பி, நாட்டின் குடிமக்களுக்கு என்று ஒதுக்கியது. அடையாளத்தில் கை தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சபா மாநிலத்தைப் பாருங்கள். அந்நியருக்கு ஐசி போன கதையை விசாரிக்க 2012ல் அரச ஆணையமே வைக்க வேண்டியிருந்தது.

செந்தூல்வாசி:
எல்லா ஊரும் இல்லை. ஆஸ்திரேலியாவில் பத்து வருடம் இருந்த நிரந்தரவாசிக்கும் முதியோர் பென்ஷன் உண்டு, வருமானம், சொத்து பார்த்து. இங்கே 60 வயதுக்குள் சம்பளத்தில் ஈபிஎப் (சேமநிதி) பிடிக்கும்போது மட்டும் சிவப்பு, நீலம் பார்ப்பதில்லையே.

பழைய கிராணி:
ஈபிஎப் அவரவர் சேமிப்பு, அதை யார் தடுத்தார்கள்? உதவித்தொகை வேறு. சிவப்பு ஐசியில் தோட்டத்துக் கிழவர்கள் மட்டுமா இருக்கிறார்கள்? வசதியாக வந்து குடியேறியவர்களும் இருக்கிறார்கள். அரசு ஊழியர் பென்ஷனுக்கே தாங்காமல் 2024 பிப்ரவரியிலிருந்து புதிதாகச் சேர்பவர்களை ஈபிஎப் பக்கம் தள்ளிவிட்டார்கள்.

பிறைக்காரி:
வசதியானவர் இந்தத் தொகைக்கு வரவே முடியாது, வருமானம் பார்த்துத்தானே கொடுக்கிறார்கள்?

அண்ணே, சபாவில் அந்நியர் வந்த கதையையும் எல்லைச் சோதனையையும் இதோடு சேர்க்காதீர்கள். பினாங்கின் பாயான் லெப்பாஸில் விமானம் ஏறிச் சரவாக் மாநிலத்தின் கூச்சிங்கில் இறங்கினால் நம் நீல ஐசியையும்தான் வாங்கிப் பார்க்கிறார்கள். சொந்த நாட்டுக்குள்ளேயே! உறவைப் பார்க்கப் போனால் மூன்று மாதம்தான் கணக்கு. நான் முகம் சுளித்ததில்லை. வருவது யார் என்று பார்ப்பது அந்தக் கவுண்டரின் வேலை. ஆனால் என் பெரியம்மா யார் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. அவர் ஐசி நம்பர் பிறந்த வருடமான 52ல் தொடங்குகிறது, நடுவில் 07. பினாங்கில் பிறந்தவர் என்று அட்டையே சொல்கிறது. நிறம் மட்டும் சிவப்பு.

பழைய கிராணி:
அப்படியானால் வழி இருக்கிறதே. மெர்டேக்காவுக்கு (1957 சுதந்திரத்துக்கு) முன் இங்கே பிறந்தவர்களுக்கு அரசியலமைப்பின் 16வது பிரிவு இருக்கிறது. கடைசி ஏழு வருடத்தில் ஐந்து வருடம் இங்கே இருந்திருக்க வேண்டும், நன்னடத்தை வேண்டும், கொஞ்சம் மலாய் தெரிய வேண்டும். மனு போடுவதுதானே? முப்பது வருடம் சும்மா இருந்துவிட்டு இப்போது உதவித்தொகைக்கு மட்டும் அழுதால்?

பிறைக்காரி:
யார் சும்மா இருந்தது? தோட்டத்து லயத்தில் மருத்துவச்சி பார்த்த பிரசவம், சூராட் பெரானாக் (பிறப்புச் சான்றிதழ்) எடுக்கவே ஒரு போராட்டம். அப்புறம் மலாய் நேர்காணல். பெரியம்மா பாசாரில் (சந்தையில்) மீன் விலை பேசும் மலாயில் எந்தக் குறையும் இல்லை, மேசைக்கு எதிரே உட்கார்ந்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. மனு திரும்பி வந்தது, ஏன் என்று ஒரு வரி கிடையாது.

செந்தூல்வாசி:
இதைத்தான் சொல்கிறேன். மனு முடியும்வரை அவர் எதைச் சாப்பிடுவார்?

பழைய கிராணி:
மறுத்தால் காரணம் எழுதித் தர வேண்டும் என்று மகஜர் கொண்டுவாருங்கள் தங்கச்சி, முதல் கையெழுத்து என்னுடையது. சிவப்பு ஐசி எல்லாருக்கும் உதவித்தொகையைத் திறந்துவிடு என்று எழுதினால் போட மாட்டேன்.

பிறைக்காரி:
மெர்டேக்காவுக்கு முன் இங்கே பிறந்தவர்களுக்கு மட்டும் என்று எழுதினால்?

பழைய கிராணி:
எழுதிக் காட்டுங்கள், பார்க்கலாம்.