எங்கள் வீட்டுக் குழுவில் ஜிம் பிரவுன்

பெரியப்பா: 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட்டோடு லக்ராஸும் வருகிறதாம். அது என்ன ஆட்டம்ப்பா?

அண்ணன்: நீளக் கழி, அதன் நுனியில் சின்ன வலை. பந்தை வலையிலேயே பிடித்து வலையாலேயே வீசி கோல் போட வேண்டும் பெரியப்பா. வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் ஆட்டம்.

அண்ணன்: அதில் கலக்கிய ஜிம் பிரவுன் பெயரைக் கேட்டிருப்பீர்களே?

பெரியப்பா: அமெரிக்கன் ஃபுட்பால்காரர்தானே? கிளீவ்லேண்ட் பிரவுன்ஸுக்கு ஆடியவர்.

அண்ணன்: அவரேதான். ஆனால் அவரை ஃபுட்பாலோடு நிறுத்திவிடுகிறார்களே என்று எனக்கு ரொம்ப நாளாக ஆதங்கம். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் படித்தபோது, 1956 நவம்பரில் கோல்கேட் பல்கலைக்கழக அணிக்கு எதிராக ஒரே ஃபுட்பால் ஆட்டத்தில் தனியாளாக 43 புள்ளிகள் எடுத்தார். பந்தோடு எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டினால் டச் டவுன், ஒன்றுக்கு 6 புள்ளி; அப்படி 6 டச் டவுன். அதோடு ஒவ்வொரு புள்ளி தரும் 7 கூடுதல் உதைகளும் அவரே. சில மாதம் கழித்து, 1957 லக்ராஸ் பருவத்தில் 10 ஆட்டங்களில் 43 கோல்!

சித்தி: இரண்டிலும் 43ஆ!

அண்ணன்: ஆமாம் சித்தி. அந்தப் பருவத்தில் அணி ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை.

தங்கை: அவ்வளவு கோல் எப்படிண்ணா?

அண்ணன்: பொதுவாக எதிராளி கழியைத் தட்டினால் பந்து கீழே விழுந்துவிடும். இவர் வலையை நெஞ்சோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, மோத வருகிறவர்களை மறுகையால் விலக்கிவிட்டு ஓடுவார். ஃபுட்பாலில் பந்தை அணைத்துக்கொண்டு ஓடுவாரே, அதே மாதிரி. கழியை அப்படி அசையாமல் பிடிக்கக் கூடாது என்று பிறகு விதி வந்தது இவரால்தான் என்று லக்ராஸ்காரர்கள் சொல்வார்கள்.

பெரியப்பா: ஸ்காலர்ஷிப் கொடுத்துக் கூட்டிப்போயிருப்பார்கள்.

அண்ணன்: அதுதான் இல்லை பெரியப்பா. இவர் பள்ளியில் படித்தது நியூயார்க் பக்கம் மன்ஹாசெட்டில். அந்த ஊர் வக்கீல் கென்னத் மொல்லாய், அவரும் சிரக்யூஸில் லக்ராஸ் ஆடியவர். ஊர்க்காரர்களிடம் பணம் திரட்டி முதல் வருடச் செலவைப் பார்த்துக்கொண்டார். பையனுக்கு அது அப்போது தெரியாது.

சித்தி: படிக்கிற பிள்ளை மனம் கோணக்கூடாது என்று நினைத்திருக்கிறார். நல்ல மனுஷன்.

அண்ணன்: கடைசியாகச் சொந்த மைதானத்தில் ஆடிய நாளைக் கேளுங்கள். தடகளப் போட்டியில் உயரம் தாண்டுதல், வட்டு எறிதல் இரண்டிலும் முதலிடம். அப்புறம் உடை மாற்றிக்கொண்டு ராணுவக் கல்லூரி அணிக்கு எதிராக லக்ராஸ் ஆட இறங்கிவிட்டார்!

தங்கை: ஒரே நாளிலா? வீடியோ இருந்தால் போடுங்கண்ணா.

அண்ணன்: அந்த நாளுடையது என்னிடம் இல்லைம்மா. லக்ராஸ் உடையில் கழியோடு நிற்கும் படம் ஒன்று இருக்கிறது, அனுப்புகிறேன். பெரியப்பா, கழியை எப்படிப் பிடித்திருக்கிறார் என்று பெரிதாக்கிப் பாருங்கள்.