நட்டு வந்தது, வைப்பர் வரவில்லை

கார் வைப்பர் ஓடும்போது கடகடவென்று சத்தம். உள்ளே மோட்டாரையும் வைப்பரையும் இணைக்கும் லிங்கைப் பார்க்க வேண்டுமானால் முதலில் பிளேடைப் பிடித்திருக்கும் இரண்டு ஆர்மையும் கழற்ற வேண்டும். அரை மணி நேர வேலை என்று நினைத்து இறங்கினேன். இடது ஆர்ம் கையோடு வந்துவிட்டது. வலது ஆர்ம் நட்டைக் கழற்றிய பிறகும் மசியவில்லை.

நட்டை மறைக்கும் மூடிக்கு அடியில் வெள்ளைப் பொடி. ஆர்ம் அலுமினியம், அது மாட்டியிருக்கும் தண்டு இரும்பு. இடையில் ஈரம் தங்கினால் அரிபடுவது அலுமினியம்தான். அந்தப் பொடி உப்பி, தண்டின் பற்களுக்கு நடுவே சிமெண்ட் மாதிரி இறுகிவிடுகிறது.

என் முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். ஸ்க்ரூடிரைவரை அடியில் கொடுத்து நெம்பினேன். ஆர்ம் அப்படியே இருக்க, கீழே இருந்த பிளாஸ்டிக் கவர் விரிசல் விட்டது. கண்ணாடி தப்பியது அதிர்ஷ்டம். சுத்தியலையும் கையில் எடுத்தேன். ஆனால் ஓங்கி அடித்தால் தண்டு வளையும், இல்லாவிட்டால் உள்ளே லிங்க் கழன்றுவிடும் என்று தோன்றியதால் வைத்துவிட்டேன்.

துருவை இளக்கும் ஸ்பிரே அடித்து இரவு முழுக்க ஊறவிட்டேன். காலையில், மரை நசுங்காமல் இருக்க நட்டைத் தண்டின் முனை மட்டத்துக்குத் திருகினேன். ஆர்மைத் தூக்கி நிறுத்தி இடமும் வலமுமாக ஆட்டியதில் மயிரிழை அசைவு தெரிந்தது. அப்புறம் பேட்டரி டெர்மினல் கழற்றுகிற சின்ன புல்லர், அதாவது இறுகியதை இழுத்துக் கழற்றும் கருவி. இரண்டு கொக்கியும் ஆர்முக்கு அடியில், நடுத் திருகு தண்டின் தலையில். இறுக்கிவிட்டுச் சற்றுப் பொறுத்து, திருகின் தலையில் லேசாக ஒரு தட்டு, மறுபடி கால் சுற்று. நாலாவது முறை 'டக்'.

பற்களைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, செம்பு கிரீஸ் தடவி மாட்டினேன். கழற்றும் முன் பிளேடு நிற்கும் இடத்தைக் கண்ணாடியில் டேப் ஒட்டிக் குறி வைக்க மறந்திருந்தேன். முதல் ஓட்டத்திலேயே பிளேடு ஓரத் தூணில் போய் மோதியது!

---

உங்கள் பதிவைப் படித்தேன், எனக்குப் பின்பக்க வைப்பரில் இதே கதை. என் காரில் தண்டு கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு வருகிறது, அதனால் நெம்புவது என்ற பேச்சுக்கே இடமில்லை. புல்லரின் கொக்கி நுழையவும் இடைவெளி போதவில்லை. நல்ல சூடான தண்ணீரை, கொதிக்கக் கொதிக்க அல்ல, ஆர்மின் அடிப்பகுதியில் மெதுவாக ஊற்றினேன். இரும்பைவிட அலுமினியம் அதிகம் விரியும் அல்லவா? மூன்றாவது குவளைக்கு ஆட்டி ஆட்டி எடுத்துவிட்டேன். ஆனால் ஆர்மின் உள்பற்கள் மழுங்கிப் போயிருந்தன. புதிதுதான் மாட்ட வேண்டியதாயிற்று.