குளிசையை இடையில் நிறுத்துகிறார் அண்ணன்: அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் மனநல கிளினிக்கில் மருந்து எடுப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களிடம் கேட்கிறேன்.

படுவான்கரையில் வயல் செய்யும் என் அண்ணனுக்கு ரிஸ்பெரிடோன் என்ற மனநோய்க் குளிசை கொடுக்கிறார்கள். காதில் குரல் கேட்பது நின்றுவிட்டது. உடனே, சுகம் வந்துவிட்டது என்று குளிசையை நிறுத்திவிடுகிறார். நிறுத்தியதும் ஒன்றும் தெரிவதில்லை. வாரங்கள் கழித்துத்தான் நோய் தலைகாட்டுகிறது. அதனால் நாங்கள் சொல்வதை அவர் நம்புவதில்லை.

அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. கை நடுங்கித் தேநீர் சாரத்தில் சிந்துகிறது. ஆட்கள் பார்க்கிறார்கள் என்று சந்திக் கடைக்கே போவதில்லை. அது மருந்தின் பக்கவிளைவு. அளவை மாற்றியோ, நடுக்கத்துக்குக் கொடுக்கும் பென்செக்சோல் குளிசையைச் சேர்த்தோ வைத்தியரால் குறைக்க முடியும். ஆனால் கிளினிக் நெரிசலில் இவர் "சுகம்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறார்.

தேநீரில் கரைத்துக் கொடு என்கிறார்கள் சிலர். தயவுசெய்து அந்த யோசனை வேண்டாம். தெரிந்தால் என் கையால் சோறும் வாங்கமாட்டார்.

இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசிக்கு மாறியவர்கள் உங்கள் வீட்டில் உண்டா? நடுக்கம் எப்படி இருந்தது? அவர் மனம் நோகாமல் வைத்தியரிடம் எப்படிப் பேசினீர்கள்? அறுவடைக் காலத்தில் வயல் வாடியில் (குடிசையில்) தங்குபவருக்கு இராக்குளிசையை யார் நினைவூட்டுவது? ஏழு நாள் மருந்துப்பெட்டி மட்டக்களப்பு நகரில் எங்கே கிடைக்கும்?

1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தில் தமிழில் பேசியவர்கள் இருந்தால் அதையும் எழுதுங்கள். பொதுவில் எழுதத் தயங்குபவர்கள் எனக்குத் தனியாக அனுப்பலாம்.