அம்மாவுக்குக் கை, கால் இரண்டும் மரத்துப்போகிறது, சர்க்கரை மட்டும்தான் காரணமா?

சேலத்துக்காரன்:
அம்மாவுக்கு 58 வயது. சர்க்கரை வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, ஆரம்பத்திலிருந்தே மெட்ஃபார்மின் என்கிற சர்க்கரை மாத்திரைதான். சுத்த சைவம், முட்டைகூடத் தொட மாட்டார். போன வருஷக் கடைசியில் உள்ளங்கால் மதமதவென்று இருக்கிறது, பஞ்சு மேல் நடக்கிற மாதிரி இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார். இப்போது செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாமல் நாலு அடி நடந்துவிடுகிறார். அது போதாதென்று கொஞ்ச நாளாக ராத்திரியில் கையும் மரத்துப்போய், எழுந்து உட்கார்ந்து உதறிக்கொண்டே இருக்கிறார். வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் "சர்க்கரை இருந்தா இப்படித்தான்" என்று நரம்பு மாத்திரை ஒன்று எழுதிக் கொடுத்தார். அதைப் போட்டால் பகலெல்லாம் தூங்கி வழிகிறார், மரமரப்பு அப்படியேதான் இருக்கிறது. மூன்று மாத சர்க்கரைச் சராசரி (HbA1c) 7.4. சித்தி வெந்நீரில் கல் உப்பு போட்டுக் காலை ஊறவைக்கச் சொல்கிறார். வேறு காரணம் இருக்குமா, எந்த டெஸ்ட் எடுக்கலாம்?

பிசியோ அக்கா:
தம்பி, முதலில் அந்த வெந்நீரை நிறுத்துங்கள். உணர்ச்சி குறைந்த காலுக்குச் சூடு தெரியாது, கொப்பளம் வந்த பிறகுதான் தெரியும், சர்க்கரைக்காரர்களுக்கு அந்தப் புண் ஆறுவது பெரும்பாடு. சித்திரை வெயிலில் கோயில் பிரகாரத்துக் கல்லில் வெறுங்காலோடு நடந்து பாதம் வெந்துபோய் வருகிறவர்களை வருஷா வருஷம் பார்க்கிறேன். அம்மாவுக்குப் பின்பட்டி வைத்த செருப்பு வாங்கிக் கொடுங்கள், போடும் முன் உள்ளே கல், முள் இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள், ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலை நீங்களே ஒரு முறை பாருங்கள்.
இப்போது ஒரு கேள்வி. கை மரத்துப்போகிறது என்றால் எந்தெந்த விரல்? அம்மாவிடம் விரல் விரலாகக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

மாத்திரைப்பெட்டி:
நான் மருந்துக்கடை வைத்திருக்கிறேன், டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீண்ட நாள் மெட்ஃபார்மின், கூடவே சைவம் என்று படித்ததும் எனக்குத் தோன்றியது வைட்டமின் பி12 குறைவுதான். மெட்ஃபார்மின் பி12 உடம்பில் சேர்வதைக் குறைக்கும். பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022இல் இதை அடிக்கடி வரக்கூடிய பக்கவிளைவு என்றே அறிவித்தது. கீரை, பருப்பு எவ்வளவு சாப்பிட்டாலும் அதில் பி12 கிடையாது, சைவத்தில் பால், தயிர், மோர்தான் வழி. அசிடிட்டிக்கு பான்டோப்ரசோல் மாதிரி மாத்திரையை வருஷக்கணக்கில் போடுகிறாரா என்றும் பாருங்கள், அதுவும் பி12ஐக் குறைக்கும். ரத்தசோகை இல்லை, ஹீமோகுளோபின் நன்றாக இருக்கிறது என்பதை வைத்து பி12 சரியாக இருக்கிறது என்று முடிவு செய்ய முடியாது, நரம்பு மட்டும் தனியாகக் கெடலாம். ரொம்ப நாள் விட்டுவிட்டால் முழுசாகத் திரும்பவும் வராது.
தூங்கி வழிவதைப் பார்த்தால் அந்த மாத்திரையில் பிரிகாபலின் அல்லது கேபாபென்டின் இருக்கலாம். எரிச்சலையும் வலியையும் அது குறைக்கும், போன உணர்ச்சியைக் கொண்டுவராது. தள்ளாட்டமும் கொடுக்கும், இந்தக் காலோடு அது நல்லதில்லை. அதற்காகத் திடீரென்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் சொல்லி அளவைக் குறையுங்கள்.

சேலத்துக்காரன்:
அக்கா, கேட்டேன். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல். சுண்டு விரலில் ஒன்றுமே இல்லையாம். வலது கையில் அதிகம். ஆனால் கால் இரண்டும் ஒரே மாதிரி. அசிடிட்டி மாத்திரையும் போடுகிறார், அண்ணா சொன்னதும்தான் கவனித்தேன்.

பிசியோ அக்கா:
அப்படியென்றால் கைக்கும் காலுக்கும் ஒரே காரணம் இல்லை போலிருக்கிறது. சர்க்கரையோ பி12 குறைவோ நரம்பைக் கெடுத்தால் பெரும்பாலும் இரண்டு காலிலும் விரல் நுனியில் ஆரம்பித்து மேலே ஏறும், கைக்கு வருவது பிறகுதான், வந்தாலும் சுண்டு விரலை விட்டுவைக்காது. நீங்கள் சொல்வது மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிற கார்ப்பல் டனல். ராத்திரி எழுந்து உதறுவதுதான் அதன் அடையாளம். சர்க்கரை உள்ளவர்களுக்கும் தைராய்டு குறைவாக உள்ளவர்களுக்கும் அதிகம் வரும், அதனால் டிஎஸ்ஹெச் என்கிற தைராய்டு ரத்தப் பரிசோதனையைப் பார்க்காமல் விடாதீர்கள். தூங்கும்போது மணிக்கட்டு மடங்காமல் பிடிக்கிற பட்டை ஒன்று கிடைக்கும், அதைக் கட்டிப் படுக்கச் சொல்லுங்கள், நிறையப் பேருக்கு அதிலேயே குறைகிறது. கட்டை விரலின் அடிச் சதை வற்றியிருந்தாலோ கையிலிருந்து பாத்திரம் நழுவினாலோ தள்ளிப்போடாமல் நரம்பியல் டாக்டரிடம் போய் நரம்புக் கடத்தல் பரிசோதனை எடுத்துவிடுங்கள். சுண்டு விரலும் மோதிர விரலில் பாதியும் மட்டும் மரத்தால் அது முழங்கையில் அழுந்துகிற வேறு நரம்பு, முழங்கையை மடக்கிப் போனைப் பிடித்துக்கொண்டே படுத்திருக்கிற பிள்ளைகளுக்கு இப்போது அது நிறைய வருகிறது.

வியாசர்பாடி சரவணன்:
என் அப்பாவுக்குக் காசநோய் மாத்திரை போடும்போது கால் எரிச்சலும் மரமரப்பும் வந்தது. அதில் இருக்கிற ஐசோனியசிட் என்ற மருந்து வைட்டமின் பி6ஐக் குறைத்துவிடுமாம், பி6 சேர்த்துக் கொடுத்ததும் சரியாகிவிட்டது. அதற்காக அதை வாங்கி அளவில்லாமல் விழுங்கக் கூடாது, பி6 அதிகமானாலும் நரம்பு கெடும். குடிப்பழக்கம், சில புற்றுநோய் மருந்துகள் எல்லாம்கூட இதே வேலையைச் செய்யும். அப்புறம் யாரும் பேசாத ஒன்று, தொழுநோய். தோலில் வெளிறிய தேமல், அதில் தொட்டால் உணர்ச்சி இல்லை என்றால் வெட்கப்படாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். மருந்து இலவசம், வகையைப் பொறுத்து 6 மாதம் அல்லது 12 மாதத்தில் முடிந்துவிடும்.

இரவுப்பணி நர்ஸ்:
அம்மா விஷயம் மெதுவாக வந்தது, அதனால் ஒரு வாரம் முன்னே பின்னே ஆனாலும் பரவாயில்லை. ஆனால் ஒரு பக்கக் கை கால் திடீரென்று மரத்து, வாய் கோணி, பேச்சு குழறினால் அது பக்கவாதம், உடனே 108. ரத்தக்கட்டைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. காலில் ஆரம்பித்த மரமரப்பும் பலவீனமும் சில நாளிலேயே மேலே ஏறினாலும், இடுப்பு வலியோடு தொடை இடுக்கு மரத்துச் சிறுநீர் நின்றுபோனாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

சேலத்துக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. நாளைக்கே பி12, டிஎஸ்ஹெச் கொடுக்கப்போகிறோம். வெறும் வயிற்றில் போக வேண்டுமா? அந்த நரம்பு மாத்திரை அட்டையில் மெத்தில்கோபாலமின் என்றும் பயோட்டின் என்றும் போட்டிருக்கிறது.

மாத்திரைப்பெட்டி:
மெத்தில்கோபாலமின் என்பதே பி12தான் சகோ. அதனால் ரிப்போர்ட் நார்மல் என்று வந்தாலும் அப்படியே நம்பிவிட முடியாது, பி12 குறைந்தால் ரத்தத்தில் ஏறுகிற ஹோமோசிஸ்டீனும் சேர்த்துப் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பயோட்டின் இன்னொரு வைட்டமின், அது தைராய்டு ரிப்போர்ட்டைக் குழப்பும். நாளைக்கே ஓட வேண்டாம், எத்தனை நாள் இடைவெளி விட்டு வரலாம் என்று லேபில் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். பி12, டிஎஸ்ஹெச் இரண்டுக்கும் வெறும் வயிறு கட்டாயமில்லை, சர்க்கரையும் சேர்த்துப் பார்ப்பதாக இருந்தால் மட்டும் சாப்பிடாமல் போய், ரத்தம் கொடுத்த பிறகு டிபனும் மாத்திரையும்.