பழைய இங்கிலாந்து மாளிகைகள்ல வர்ற லாங் கேலரிக்குத் தமிழ்ல என்ன பேர் வைக்கலாம்? "உலவுகூடம்" சரிப்படுமா?

> ஹார்ட்விக் ஹால் கட்டுரையில லாங் கேலரி வர்ற இடத்துல எல்லாம் "நீள் காட்சியகம்"னு போட்டிருக்கேன் அண்ணா, கன்ட்ரி ஹவுஸுக்கு "நாட்டுப்புற வீடு". சரியா இருக்கா?

தம்பி, ரெண்டுமே எனக்கு ஒட்டல. சின்னதை முதல்ல முடிச்சிடறேன். நாட்டுப்புற வீடுன்னா படிக்கிறவங்களுக்கு கூரை வீடும் திண்ணையும்தான் கண்ணுல வரும், நீங்க எழுதுறதோ இங்கிலாந்துல டெர்பிஷயர்ல மேட்டு மேல ஆறு கோபுரத்தோட நிக்கிற மாளிகை. சுத்தி இருக்கிற நிலமும் அதுல வர்ற குத்தகையும்தான் இந்த மாதிரி வீடுகளுக்கு சோறு போட்டுச்சு, அதனால "பண்ணை மாளிகை"ன்னு போட்டா போதும்.

கேலரி விஷயம் அவ்வளவு லேசு இல்ல. படம் மாட்டி வைக்கிற இடம்ங்கிற அர்த்தம் அதுக்கு பின்னாடி வந்து ஏறினது. 16ம் நூற்றாண்டு இங்கிலாந்துல லாங் கேலரின்னா நீளமா, அகலம் கம்மியா, மாடியில இருக்கிற ஒரு அறை, மழையும் குளிரும் வெளிய விடாத நாள்ல வீட்டுக்குள்ளயே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துக்கிட்டு பேசிக்கிட்டு இருக்கிறதுக்குன்னு கட்டினது. இவ்வளவு சுவர் சும்மா கிடக்குதேன்னு குடும்பத்துப் பெரியவங்க படம், ராஜா ராணி படம்னு மாட்டினாங்க, கடைசில படம்தான் பேரைப் புடிச்சுக்கிச்சு. செஷயர்ல லிட்டில் மோர்ட்டன் ஹால்னு ஒரு மரச்சட்ட வீடு, அதோட கேலரியில பலகைச் சுவருக்குப் பின்னாடி இருந்து 17ம் நூற்றாண்டு டென்னிஸ் பந்துங்களை எடுத்திருக்காங்க. காட்சியகத்துல யாராவது பந்து அடிப்பாங்களா சொல்லுங்க! (உச்சியில ஏத்தின அந்த கேலரியும் கல் கூரையும் அழுத்தி வீடே கோணிக்கிட்டு நிக்குது, அது தனிக்கதை.)

ஹார்ட்விக்கையே எடுத்துக்கோங்க. கட்டினது எலிசபெத், பெஸ்னு சொன்னாத்தான் எல்லாருக்கும் தெரியும், நாலு கல்யாணம் பண்ணி நாலாவது புருஷன் ஷ்ரூஸ்பரி பிரபுவும் போய்ச் சேர்ந்த 1590லயே வேலையை ஆரம்பிச்சு 1597ல குடி போயிட்டாங்க, அறுபது தாண்டின அம்மா. பிளான் ராபர்ட் ஸ்மித்சன்ங்கிற கட்டடக் கலைஞரோடதுன்னு சொல்றாங்க. கோபுரத்து உச்சியில எல்லாம் ஈ.எஸ்.னு தன் பேரோட முதலெழுத்தைக் கல்லுல செதுக்கி நிறுத்திட்டாங்க, தூரத்துல வர்றவனுக்கும் தெரியணும்ல.

அந்த வீட்டுல சுவரை விட கண்ணாடிதான் ஜாஸ்தின்னு அந்த ஊர்ல வழக்காவே சொல்லுவாங்க. கண்ணாடி யானை விலை வித்த காலம், பெஸ்ஸுக்கு சொந்தமா கண்ணாடிப் பட்டறையே இருந்துச்சு. ஆனா வெளிச்சுவர் முழுக்க ஜன்னலாக்கிட்டா கணப்பும் புகைபோக்கியும் எங்க போகும்? அதை எல்லாம் உள்ள ஓடுற தடிச் சுவருக்குத் தள்ளிட்டாரு ஸ்மித்சன், போதாததுக்கு சில ஜன்னல் வெறும் ஒப்புக்கு, கண்ணாடிக்குப் பின்னாடி சுவர்தான் இருக்கு. மேல போகப் போக ஜன்னல் உயரமாகும், ஏன்னா கீழ வேலைக்காரங்க, நடுவுல குடும்பம், உச்சி மாடிதான் கௌரவ விருந்தாளிங்களுக்கு. கேலரி அந்த உச்சி மாடியில, கிழக்குப் பக்கம் இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும், 50 மீட்டர் சுமாருக்கு ஓடுது. ஒரு பக்கம் முழுக்க ஜன்னல், எதிர்ப்பக்கம் அந்த உள்சுவர்ல ரெண்டு கணப்பு, மிச்ச சுவர்ல சித்திரச் சீலை, சீலை மேலயே படங்க. இதை ஞாபகத்துல வெச்சுக்கிட்டுத்தான் பேர் வைக்கணும்.

போன மடல்ல ஐயா சொன்ன "நெடுங்கூடம்" காதுக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா வாசல்ல நுழைஞ்சதும் வர்ற கிரேட் ஹாலுக்கு ஏற்கனவே பெருங்கூடம்னு வெச்சிட்டோம், ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வந்தா குழப்பிடும். அதுவும் ஹார்ட்விக்ல, வழக்கமா முகப்போட போக்குல குறுக்க கிடக்கிற ஹாலை முன்வாசல்ல இருந்து பின்பக்கம் போற மாதிரி திருப்பிப் போட்டிருக்காங்க, அதுதான் அந்த வீட்டோட பெரிய புதுமை, அந்தப் பத்தியில "நீளமான கூடம்"னு எழுதாம தப்பிக்க முடியாது.

"நடைக்கூடம்"? காரிடார்னு நினைச்சுக்குவாங்க. "நடைமாளிகை" கோயில் சுற்றுக்குப் போயிடுச்சு, அது தூண் வரிசையோட ஒரு பக்கம் திறந்திருக்கும், இது நாலு பக்கமும் மூடின அறை. அதுவும் போக, கேலரி எங்கயோ போறதுக்கான வழி இல்ல, படியேறி கிரேட் சேம்பர்ல, அதாவது விருந்தாளிங்களை வரவேற்கிற பெரிய அறையில, உக்காந்து பேசிட்டு எழுந்து நடக்கப் போற இடம்.

அதனாலதான் உலவுகூடம்னு சொல்றேன்.

> உலான்னா ராஜா தெருவுல பவனி வர்றதாச்சே. உலாவியை வேற பிரவுசருக்குக் குடுத்துட்டோம்.

உலாக்கூடம்னு வெச்சிருந்தா ஐயா சொல்றது சரி. உலவுறது பவனி இல்லையே, சாயங்காலம் காலாற நடக்கிறதையும் அப்படித்தான சொல்றோம். உலாவி பிரவுசருக்குப் போனாலும் "உலவு" இன்னும் யாருக்கும் பட்டா போட்டுக் குடுக்கல. நீளம் அந்தச் சொல்லுல இல்லையேன்னு ஒரு குறை உண்டு, ஒத்துக்கறேன், தேவைப்பட்ட இடத்துல "நெடு உலவுகூடம்"னு ஒரு தடவை சொல்லிட்டு அப்புறம் சுருக்கிக்கலாம்.

தம்பி, வேற யாரும் எதிர்க்கலன்னா கட்டுரையில மாத்திடுங்க, சோமர்செட்ல இருக்கிற மான்டக்யூட் மாளிகையைப் பத்தி எழுதினாலும் இதே சொல்லையே வெச்சுக்கலாம், இங்கிலாந்துல இப்ப மிஞ்சி இருக்கிறதுலயே நீளமானது அங்கதான் இருக்கு. கிரேட் சேம்பருக்கு நான் போட்டு வெச்ச "பேரறை" எனக்கே பிடிக்கல, யார்கிட்டயாவது நல்லதா இருந்தா அனுப்புங்க.